பதினோரு கதவுகள்

வீடு பார்க்க வந்தவள் கேட்டாள்,
கதவெல்லாம் ஏன் இத்தனை உயரம் என்று.
அவள் கணவன் கையைத் தூக்கி
நிலையின் மேல்விளிம்பைத் தொடப் பார்த்தான்.
எட்டவில்லை.
கௌனஸில் பழைய வீடுகள் இப்படித்தான், என்றேன்.
பொய்.
விலை படிகிற நேரத்தில் வேறென்ன சொல்வது.

இரண்டாயிரத்து ஆறில்
துருக்கியிலிருந்து முதல் ஒப்பந்தப் பணம் வந்ததும்
எயிமன்தாஸ் ஒரு தச்சனைக் கூட்டிவந்து
பதினோரு நிலைகளையும் பெயர்க்கச் சொன்னான்.
மூன்று வாரம் வீடெல்லாம் செங்கல் தூசி,
கைக்குழந்தை உக்னேவுக்கு விடாத இருமல்.
"பஸ்ஸில் குனிகிறேன், விமானத்தில் குனிகிறேன்,
ஹோட்டல் குளியலறையில் மண்டிபோட்டுத் தலை கழுவுகிறேன்.
இங்கே மட்டுமாவது நிமிர்ந்து நுழையணும்."
இரண்டு மீட்டர் பதின்மூன்று அவன்.
எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்புறம் புர்சா, வ்வோட்ஸ்வாவெக், பத்ராஸ்.
ஆண்டுக்கு ஆறு வாரம் எங்களுக்கு.
மற்ற நாள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம்.
புள்ளி சேர்க்கிறவன் அல்ல அவன்.
பிறர் எறிந்து தவறிய பந்து
வளையத்தில் மோதி எழும்போது
முழங்கைகளுக்கு நடுவே புகுந்து பறிக்கிறவன்.
ரொட்டிக் கடைக்காரி காசு வாங்க மாட்டாள்.
"நேற்று பதினாறு ரீபவுண்ட்!" என்பாள்,
தன் பிள்ளை வாங்கிய மதிப்பெண் போல.

முழங்காலுக்கு ஊசி. ஊசிக்கு மேல் மாத்திரை.
மாத்திரைக்கு மேல் வோட்கா.
அதற்கும் மேல், நடுநிசியில், போன் வெளிச்சத்தில்
எங்கோ ஓடும் குதிரைகள்,
எவனோ எவனோடோ ஆடும் டென்னிஸ்.
ஒரு நாள் கார் அடகுக்குப் போனது.

கொதிகலன் புதிதா, என்கிறான் கணவன்.
பன்னிரண்டு வருஷம், ஒரு நாள் நின்றதில்லை, என்கிறேன்.
இது பொய்யில்லை.
சொல்லாதது ஒன்று:
பத்ராஸில் ஒரு மார்ச் இரவு,
ஒரு புள்ளி பின்னால், நான்கு நொடி, இரண்டு பிரீ த்ரோ.
எறிவதற்கு முன் மூன்று முறை பந்தைத் தட்டுவான்,
பதினாறு வயதிலிருந்து அவனை அறிவேன், எப்போதும் மூன்று.
அன்று ஒரே முறை தட்டினான்.
இரண்டும் முன்விளிம்பில் பட்டு விழுந்தன.
பாவம், அந்த முழங்கால், என்றார் வர்ணனையாளர்.
சோபாவில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
அடுத்த வாரம் கார் மீண்டது.
கடன்கள் போக மிஞ்சியதில் இது வந்தது.
ஏது பணம் என்று நான் கேட்கவில்லை.
அந்தக் குளிர்காலம் முழுக்க
நீராவி மூடிய கண்ணாடி முன்னால் நின்று தலை துவட்டினேன்.

சமையலறை மூலையை அளக்கிறார்கள்,
பிரிட்ஜ் கொள்ளுமா என்று.
அங்கேதான் ஒரு சனிக்கிழமை என்னைத் தள்ளினான்.
புருவத்தில் நான்கு தையல்.
நூற்றுப் பதினெட்டு கிலோ உடம்பு,
தள்ளியதே தெரியவில்லை என்றான் பிறகு.
உக்னே மேசைக்கடியில் போய்விட்டாள்.
அவளைப் பார்க்க
முதுகை வளைத்தான், போதவில்லை.
மண்டியிட்டான், அந்த முழங்காலில், போதவில்லை.
கடைசியில் தரையில் கன்னம் பதியப் படுத்து
பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.
அவள் என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு
வேறு பக்கம் பார்த்தாள்.

போன மாதம் கையெழுத்துப் போட வந்தான்.
ஷௌலியேயில் ஒரு கிடங்கில் வேலை,
மேல்தட்டுப் பெட்டிக்கு அவனுக்கு ஏணி வேண்டாமாம்.
குடிக்காமல் நானூறு நாள், என்றான்.
நான் எண்ணுவதை நிறுத்தி வெகுகாலம்.
மழைக்கோட்டோடு வாசலில் நின்றவனை
உள்ளே வா, என்றேன்.
தலையைக் குனிந்துகொண்டே வந்தான்.
மேலே ஒரு சாண் காலியாக இருந்தது.

கதவுகளை மாற்றும் செலவென்று
இரண்டாயிரம் யூரோ குறைக்கச் சொல்கிறார்கள்.
ஆயிரத்தில் படிந்தது.
கொதிகலனுக்குத் தனியாக
நான் எதுவும் கேட்கவில்லை.